பட்டைப் பலகையின் மறுமுனை

உடைத்தவன் தானே வந்து கதவைத் தட்டி ஒப்புக்கொண்டான் என்பதை அர்விட் ஸ்லெட்டன் ஒருநாளும் மறுத்ததில்லை. மழைநீர் வடியும் கூரையோரத்துத் தகர வாய்க்காலைக் கழற்றிவிட்டுப் புதிது மாட்ட வந்த ஒப்பந்தக்காரன் அவன். ரிகோ என்று பெயர். டெக்சஸிலிருந்து குடும்பத்தோடு வந்து ஊர்க்கோடியில் குடியேறியவன். பழைய வாய்க்கால் துருவேறிப் பிடித்துக்கொண்டிருந்தது. அவனுடைய ஆள் கடப்பாரையைக் கொடுத்து நெம்பியதில், கூரைக்குக் கீழே சுவர்ப்பலகைகளின் தலையை மூடிக்கொண்டு முகப்பு நெடுக ஓடும் பட்டைப் பலகை நடுவில் பிளந்து, ஒரு முனை பெயர்ந்து தொங்கிவிட்டது.

"ஐயா, தப்பு எங்க மேலதான். சனிக்கிழமை வந்து புதுப் பலகை போட்டுத் தந்துடறேன்," என்றான் ரிகோ, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு.

"அதெல்லாம் எதுக்கு? வேண்டாம்," என்றார் அர்விட்.

"இல்லைங்க ஐயா, உடைச்சது நாங்க. நாங்கதானே சரி பண்ணணும்."

"உனக்கு ஆயிரம் வேலை இருக்கும் தம்பி. பரவாயில்ல, விடு."

"அப்படியா சொல்றீங்க? ரொம்ப நன்றிங்க ஐயா."

ரிகோ தொப்பியை மாட்டிக்கொண்டு படியிறங்கினான். வண்டி கிளம்பித் தெருமுனையில் திரும்பியது. அர்விட் கதவைப் பிடித்தபடி அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

மினசோட்டாவின் இந்த மேற்கு மூலையில், ஒரு வாய் காப்பி வேண்டுமா என்று கேட்டாலும் முதல் தடவையே சரி என்பவன் வளர்ப்பு சரியில்லாதவன். இரண்டாம் தடவையும் மறுக்க வேண்டும். மூன்றாம் தடவை கேட்கும்போது, சரி, அரைக் கோப்பை போதும் என்று தலையசைக்கலாம். கேட்பவனுக்கும் இது தெரியும். மூன்று தடவை கேட்காமல் அவன் நகர மாட்டான். இதை இங்கே யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. யாரும் சொல்லித் தராததை வெளியூர்க்காரன் எப்படி அறிவான் என்பதுதான் அர்விட்டுக்கு அன்று உறைக்கவில்லை.

ஸ்லெட்டன் வீடு லூத்தரன் தேவாலயத்துக்கு நேர் எதிரே நிற்கிறது. ஞாயிறு காலை தேவாலயத்துப் படியில் இறங்கும் எவர் கண்ணும் முதலில் அந்த முகப்பில்தான் விழும். அர்விட்டின் தகப்பனார் காலத்திலிருந்து அதில் ஓர் ஆணி தலைதூக்கி நின்றதில்லை. ஊரில் எத்தனையோ குடும்பங்கள் நிலத்தை விற்றன, குடித்தன, கோர்ட்டுக்குப் போயின. ஸ்லெட்டன் குடும்பம் வீட்டைத் துடைத்து வைத்தது. யாரிடமும் எதையும் கேட்டு நின்றதில்லை. அப்படிப்பட்ட வீட்டின் நெற்றியில் இப்போது ஒரு பலகை ஒடிந்த கை மாதிரித் தொங்கியது.

வருகிறவர் போகிறவரெல்லாம் நின்றார்கள். போதகர் நின்றார். தபால்காரி வண்டியை நிறுத்தினாள். "என்ன ஆச்சு அர்விட்?" என்று எல்லாரும் கேட்டார்கள். "வேலை நடந்துக்கிட்டிருக்கு," என்று எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொன்னார். ரிகோவின் பெயரை ஒருவரிடமும் எடுக்கவில்லை. தானே வந்து ஒப்புக்கொண்டவனைத் தெருவில் இழுப்பது அந்தக் குடும்பத்தின் வழக்கமில்லை.

பேச்சு ஒரு பக்கம் இருக்க, தண்ணீர் காத்திருக்காது. மழை பெய்தால் பிளவு வழியாகச் சுவர்ப்பலகைகளுக்குப் பின்னால் இறங்கும். அங்கே உறைந்தால் உள்ளிருந்தே பலகைகளைப் பிளந்துவிடும். உறைபனிக்கு முன் மூடியாக வேண்டும்.

அர்விட் மரக்கடைக்குப் போய், வேண்டிய நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகவே ஒரு பலகை வாங்கிவந்தார். முன்னும் பின்னும், வெட்டுமுனைகளிலும், வெள்ளை அடிப்பூச்சு பூசிக் காயவைத்தார். வாழ்நாளெல்லாம் மாவட்டச் சாலை வேலைகளை மேய்த்தவர். ஆணியும் சுத்தியலும் அவருக்குப் புதிதல்ல. ஆனால் அவ்வளவு நீளப் பலகையை ஒருவர் தனியாகத் தூக்கி நிறுத்த முடியாது. ஒரு முனையில் ஒருவர் ஆணி அடிக்க, மறுமுனையை இன்னொருவர் தாங்க வேண்டும். மனைவி மார்லிஸ் உயிரோடு இருந்தவரை மறுமுனை என்று ஒரு கவலை அவருக்கு வந்ததில்லை. இன்னோர் ஏணியில் நின்று, உதட்டில் ஆணிகளைக் கவ்வியபடியே, "மேல, இன்னும் மேல, ஐயே, அவ்வளவு இல்ல," என்று அதட்டிக்கொண்டிருப்பாள்.

பக்கத்து வீட்டு டுவேன் வேலிக்கு வந்தான். வான்கோழிப் பண்ணையை மகனிடம் விட்டுவிட்டு ஊர்க்கதை பேசித் திரிபவன்.

"என்ன அர்விட், பலகைக்கு வெயில் காட்டறியா?"

"காயுது."

"நேத்தும் காஞ்சுது. இன்னும் காயவிட்டா அடுப்புக்குத்தான் ஆகும்."

டுவேன் தாடையைச் சொறிந்துகொண்டான்.

"மறுமுனையை நான் பிடிக்கட்டா?"

"உனக்கு முதுகு சரியில்ல. வேண்டாம்."

"முதுகு கிடக்குது, விடு. ஏணியைக் கொண்டாரட்டா?"

"வேண்டாம் டுவேன். நான் பாத்துக்கறேன்."

டுவேன் மூன்றாவது தடவைக்கு வாயைத் திறந்தான். அர்விட் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். அதற்குள் சமையலறை வாசலிலிருந்து டுவேனின் மனைவி குரல் கொடுத்தாள்: "ஏங்க, பல் டாக்டர்கிட்ட போகணுமே, ஞாபகம் இருக்கா? இல்ல பல்லைக் கழட்டி நானே எடுத்துட்டுப் போகவா?"

"இதோ வர்றேன்டி," என்று ஓடினான். திரும்பி வந்தபின் பேச்சு வேறெங்கோ போய்விட்டது. விட்ட இடத்திலிருந்து தொடரும் வழக்கம் இங்கே கிடையாது.

புதன்கிழமை மதியம், ஒடிந்த பலகையைப் பெயர்த்தெடுத்துவிட்டு, அர்விட் தனியாகவே வேலையில் இறங்கினார். கூரையடியில் ஓர் ஆணி அறைந்து கயிற்றுச் சுருக்கு ஒன்றைத் தொங்கவிட்டு, பலகையின் ஒரு முனையை அதில் கோத்தார். மறுமுனையைத் தோளில் தாங்கி ஏணியில் ஏறினார். ஏற ஏறப் பலகை நடுவில் வளைந்தது. சமவெளிக் காற்று கதவைத் தள்ளுவதுபோல அதைத் தள்ளியது. சுருக்கிலிருந்த முனை நழுவியது. பலகை அவர் கையைப் பிடுங்கிக்கொண்டு போய்ப் புல்லில் விழுந்து முனை நசுங்கியது.

அந்த நேரம் பார்த்து, போர்வை தைக்கக் கூடியிருந்த பெண்கள் தேவாலயத்திலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார்கள். ஏணியில் வெறுங்கையோடு நின்ற அர்விட்டைப் பார்த்தார்கள். நல்ல குடும்பத்துப் பெண்கள். ஒருவர் விடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு கார்களைப் பார்த்து நடந்தார்கள். அவர்கள் சிரித்திருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அன்று மாலை ரிகோவுக்குத் தொலைபேசி செய்தார்.

"சொல்லுங்க ஐயா. வாய்க்கால் ஒழுகுதா?"

"வாய்க்கால் நல்லா இருக்கு."

"அப்புறம்?"

"பலகை இன்னும் மாட்டலை."

"நீங்கதானே ஐயா வேண்டாம்னீங்க?"

"சொன்னேன். ரெண்டு தடவை."

"ஆமா. ரெண்டு தடவை சொன்னீங்களேன்னுதான் நான் வரலை."

அர்விட் சன்னல் வழியே வெளியே பார்த்தார். முதுகு தானாக நிமிர்ந்தது.

"மூணாவது தடவை நீ கேக்கலை."

அந்தப் பக்கம் குழந்தைகள் கத்தும் சத்தம் மட்டும் கேட்டது. யாரையோ அடக்கிவிட்டு ரிகோ திரும்பிவந்தான்.

"கேட்டிருந்தா?"

"சரின்னிருப்பேன்."

"இதை யாரும் எனக்குச் சொல்லலையே ஐயா. எங்க அம்மாவா இருந்தா கேக்கவே கேக்காது. தட்டுல போட்டுட்டுத்தான் பேச்சே." சிரித்தான். "அப்ப இந்த ஊர்ல எத்தனை பேர் வீட்டுல காப்பி கிடைக்காம வந்திருக்கேன், கடவுளே. சரி, இப்ப கேக்கறேன். நாளைக்கு வந்து பிடிக்கட்டுமா?"

வேண்டாம் என்ற சொல் பழக்கத்தில் நுனிநாக்குக்கு வந்துவிட்டது. அர்விட் அதை விழுங்கினார்.

"வா," என்றார்.

மறுநாள் ரிகோ தன் ஏணியோடு வந்தான். நசுங்கிய முனையை அர்விட் அறுத்துத் தள்ளினார். கூடுதல் நீளம் வாங்கியிருந்ததால் பலகை சரியாக வந்தது.

"ஐயா, நீங்க ஏற வேண்டாம். ரெண்டு முனையும் நானே அடிச்சுடறேன்."

"உன் முனையை நீ பிடி."

இருவரும் ஏறினார்கள். பலகை முகப்பு நெடுக அசையாமல் படிந்தது. அர்விட் ஆணி அடித்துக்கொண்டே நடுவுக்கு வந்தார். ரிகோவுக்குக் கைக்கு வேலை இல்லாததால் வாய் ஓடியது.

"பிள்ளைங்க இருக்காங்களா ஐயா?"

"ஒரு பொண்ணு. டுலூத்ல."

"பனிக்காலத்துக்கு அங்க போயிடலாமே? இவ்வளவு பெரிய வீட்ல ஒத்தையா எதுக்கு?"

"கூப்பிட்டா. வசந்தத்துல ஒரு தடவை. கோடையில ஒரு தடவை."

ரிகோ மனதுக்குள் எண்ணுவது முகத்தில் தெரிந்தது.

"அவங்களுக்கும் என்னை மாதிரித் தெரியாம இருக்குமோ என்னவோ?"

அர்விட் அடுத்த ஆணியை வைத்தார். ஓங்கிய சுத்தியல் நின்றது.

"அவ இந்த ஊர்ல வளர்ந்தவ," என்றார்.

பிறகு அடித்தார். ரிகோ கடைசி ஆணிவரை பலகையைத் தாங்கிப் பிடித்திருந்தான்.

இறங்கியதும் தண்ணீர் புகாமலிருக்க இடுக்குகளில் பசை வைத்து விரலால் இழுத்துவிட்டான். நன்றாகவே செய்தான். உள்ளே மேசையில் காப்பிக் கோப்பைகளும், வெண்ணெய் தடவிச் சர்க்கரை தூவிச் சுருட்டிய லெஃப்ஸா ரொட்டியும் காலையிலேயே எடுத்து வைக்கப்பட்டிருந்தன.

"உள்ள வந்து காப்பி குடிச்சுட்டுப் போ."

"முடியாதுங்க ஐயா, பொண்ணு பள்ளிக்கூட வாசல்ல நிப்பா."

"அரைக் கோப்பை."

"நிஜமாவே நேரமில்லை ஐயா. கோவிச்சுக்காதீங்க."

அவன் வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்பது அர்விட்டுக்கு இப்போது தெரியும். கையை மட்டும் குலுக்கி அனுப்பினார்.

அந்த வாரமே குளிர் இறங்கிவிட்டது. குளிரில் வண்ணம் பிடிக்காது. மஞ்சள் வீட்டின் நெற்றியில் புதுப்பலகை அடிப்பூச்சோடு வெள்ளை வெளேரென்று நின்றது.

"பெயிண்ட் எப்போ?" என்றான் டுவேன்.

"மே மாசம்."

"அதுவரைக்கும் பளிச்சுனு தெரியுமே. சர்ச்சுக்கு வர்றவங்க கேப்பாங்க."

"கேக்கட்டும். ரிகோ வந்து பிடிச்சான்னு சொல்றேன்."

சொல்ல வேண்டிய வாக்கியத்தைக்கூட அவர் ஒழுங்கு பண்ணி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வழிபாடு முடிந்ததும் எல்லாருக்கும் முன்னால் சாலையைக் கடந்து வந்து, தன் வீட்டுப் படியில் கோட்டைக் கழற்றாமலே நிற்பார். தேவாலயத்திலிருந்து இறங்குபவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். பலகை நேராக, இறுக்கமாக இருந்தது. குறை ஒன்றும் இல்லாத வீட்டைப் பற்றிக் கேட்பது இங்கே மரியாதையில்லை. அதனால் ஒருவரும் கேட்கவில்லை; கையை உயர்த்திக் காட்டிவிட்டு, பனியில் கால் பார்த்து வைத்துத் தங்கள் கார்களுக்குப் போனார்கள்.