வலது கணுக்கால்

1

இந்தக் கதை எனக்குச் செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு வரியாகக் கிடைத்தது. ‘காயம் காரணமாகப் புதுச்சேரி அணியின் கலையரசி விலகியதால், கலப்பு இரட்டையர் ஆட்டத்தில் நிர்மலாதேவி களமிறங்கினார்.’ 2007 கோடை. ஊரில் சர்வதேசக் கலப்பு அணி இறகுப்பந்துப் போட்டி நடந்து முடிந்த மறுநாள்.

அதற்கு முந்தைய மாலை ராத்திரி ஷிப்டுக்குப் போகக் காலாப்பட்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். நகரத் தொடங்கிய பஸ்ஸை விரட்டிக்கொண்டு ஒரு பெண் ஓடிவந்து படியில் தாவி ஏறினாள். ஜெர்சியின் முதுகில் ஊர்ப் பெயர், அதன் கீழே கலையரசி. மூச்சு வாங்கியது. கால்கள் இரண்டும் நன்றாகவே இருந்தன.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மிச்சம் நான் இட்டுக்கட்டியது. (பெயர்களை மாற்றியிருக்கிறேன், முதுகில் இருந்ததையும் சேர்த்து.)

2

முதல் தொடக்கம்: ‘அலைகளின் தாலாட்டில் வளர்ந்த கலையரசி...’ நிறுத்திவிட்டேன். காலாப்பட்டுக் குப்பத்துப் பெண் என்றதும் கை தானாக அலையை எழுதுகிறது.

இரண்டாவது: ‘மீன் கூடை சுமந்து அவளைப் படிக்கவைத்த அம்மா அஞ்சலாட்சி...’ இதுவும் போயிற்று. அம்மாவைக் கூட்டிவந்து அழவைத்தால், நடந்தது அநியாயம் என்பது போய், பாவம் என்று ஆகிவிடும். பாவம் பார்ப்பது சுலபம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் மறந்துவிடலாம்.

‘மீனவர் வீட்டுப் பெண்ணுக்கு இந்த விளையாட்டு எப்படிப் பழக்கம்?’ என்று இதைப் படித்த நண்பன் கேட்டான். விளையாட்டுச் சங்கச் செயலாளரின் மகளுக்கு எப்படிப் பழக்கம் என்று அவன் கேட்கவில்லை. ஆகவே நானும் பதில் எழுதவில்லை.

3

தெரியாதவர்களுக்கு: கலப்பு அணிப் போட்டியில் இரண்டு அணிகளுக்கு இடையே ஐந்து ஆட்டங்கள். ஒற்றையரில் இரண்டு, இரட்டையரில் இரண்டு, கடைசியாக ஓர் ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடும் கலப்பு இரட்டையர். யார் எதில் ஆடுவார் என்ற பட்டியலை முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். அந்த நேரத்தில் அரங்கில் இல்லாதவர் பெயரை எழுதக் கூடாது. கொடுத்த பட்டியலை மாற்ற ஒரே வழி, காயம். அதற்கு மருத்துவர் சீட்டு வேண்டும்.

கடைசி நாள் பட்டியலில் கலையரசியின் பெயர் பெண்கள் ஒற்றையரிலும் கலப்பு இரட்டையரிலும் இருந்தது. செயலாளர் விஜயராகவனின் மகள் நிர்மலாதேவி அப்போது சென்னையில் நுழைவுத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள். ஓர் ஆட்டத்திலாவது ஆடினால்தான் சர்வதேசச் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் மருத்துவக் கல்லூரியில் இடம். மத்தியானத்துக்கு மேல் கார் பிடித்து வந்துவிடுவாள்.

ஆகவே அதற்குள் யாருக்காவது அடிபட வேண்டும்.

4

பயிற்சியாளர் சந்திரமோகன், உடை மாற்றும் அறைக்கு வெளியே கலையரசியை நிறுத்தினார். கையில் கிரேப் பேண்டேஜ்.

“கலை, மொத கேம் முடிஞ்சதும் கணுக்கால புடிச்சிக்கினு உக்காந்துடு. மீதிய நான் பாத்துக்கறேன்.”

“ஏன் சார்? எனக்கு ஒண்ணும் இல்லியே.”

“ஒண்ணும் இல்லன்னு எனக்குத் தெரியாதா? சிங்கிள்ஸ் ஆடுனதுக்கு உனக்கு சர்டிபிகேட் வந்துடும். மிக்ஸட நிர்மலா ஆடட்டும். செக்ரட்டரி கேட்டுக்கினாரு.”

“அவங்க இன்னும் திண்டிவனமே தாண்டியிருக்க மாட்டாங்க. அதுக்குள்ள எனக்கு சுளுக்கிக்குச்சா?”

“வாயக் கொறை. எம் பொண்ணு மாதிரி நெனச்சித்தான் சொல்றேன்.”

“உங்க பொண்ணுகிட்ட இப்படிச் சொல்லுவீங்களா சார்?”

அவர் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த தாளை அவளே உருவிப் படித்தாள். வலது கணுக்காலில் தசைநார்ப் பிசகு. ஆறு வாரம் ஓய்வு. கையெழுத்து, முத்திரை எல்லாம் இருந்தன. பரிசோதித்த நேரம் மாலை நான்கு பத்து. சுவர்க் கடிகாரத்தில் அப்போது மூன்றேகால்.

ஆறு வாரம். திங்கட்கிழமை ஹைதராபாத்தில் பயிற்சி முகாம் தொடங்குகிறது. ஊருக்கு ஓர் இடம்தான். மூன்று வருடம் ஆடி அந்த இடத்தை அவள் வாங்கியிருந்தாள். காத்திருப்போர் பட்டியலில் அடுத்த பெயர் நிர்மலாதேவி.

“கேம்ப்புக்கும் சேத்துத்தானா சார்?”

சந்திரமோகன் ஷட்டில் டப்பாவின் மூடியைத் திறந்தார், மூடினார். “அத அப்பறம் பேசிக்கலாம்.”

5

(சந்திரமோகனை மீசை முறுக்கும் வில்லனாக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. அவர் வேலை தற்காலிகம். வருடா வருடம் செயலாளர் கையெழுத்துப் போட வேண்டும். இதைச் சொல்வது அவரை மன்னிப்பதற்காக அல்ல. எந்த அநியாயத்துக்கும் பேண்டேஜ் சுற்ற ஒரு நல்ல மனிதர் கிடைத்துவிடுகிறார் என்பதற்காக.)

நண்பன் இங்கே ஒரு யோசனை சொன்னான். ‘ஆட்டத்தில் அவளுக்கு நிஜமாகவே அடிபடட்டும். பொய்ச் சீட்டு உண்மையாகிவிடுவதில் ஓர் அழகு இருக்கிறது.’

அழகாம். கதைக்கு வலி தேவைப்படும்போதெல்லாம் எழுதுகிறவன் அதை யாருடைய உடம்பிலாவது போடுகிறான். பெரும்பாலும் திருப்பிக் கேட்க முடியாதவள் உடம்பில். இதை நான் செய்தால் அந்த மருத்துவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவரிடம் முத்திரையாவது இருந்தது.

6

எதிராளி மொரீஷியஸ் பெண். உயரம், நீண்ட கை. இறகுப்பந்து ஒரு வெள்ளைப் பறவையைப் போல... வேண்டாம். அது வாத்துச் சிறகு செருகிய தக்கை.

முதல் கேம் முடிந்தது. சந்திரமோகன் கண்ணைக் காட்டினார். கலையரசி தண்ணீர் குடித்தாள், முகத்தைத் துடைத்தாள், உட்காரவில்லை. இரண்டாவது கேமிலிருந்து ஆட்டத்தையே மாற்றினாள். வலைக்குப் பக்கத்தில் விழும்படி மெல்லத் தட்டினாள். எதிராளியும் அங்கேயே திருப்பித் தட்ட, எட்டி எடுக்க ஒவ்வொரு முறையும் வலது காலைப் பாய்ச்சி ஊன்ற வேண்டியிருந்தது. ஊன்றினாள். தரை அதிர ஊன்றினாள். ஒவ்வொரு ஊன்றலுக்கும் சந்திரமோகன் இருந்த பக்கம் ஒரு பார்வை.

மூன்றாவது கேமை 21-19 என்று வென்றாள் என எழுதினேன். படித்துப் பார்த்தபோது எனக்கே சந்தோஷமாக இருந்தது. பிறகு அடித்துவிட்டேன். வென்றதால்தான் அவள் பக்கம் நியாயம் என்றாகிவிடும். 19-21. தோற்றாள். தோற்றவளின் காலும் அவளுடையதுதான்.

7

நான்காவது ஆட்டமும் முடிந்தபோது விஜயராகவன் அந்தச் சீட்டைத் தலைமை நடுவரிடம் நீட்டினார். நடுவர் பிரான்ஸ்காரர். அவருக்கு மொழிபெயர்க்கக் கன்னியப்பனை உட்காரவைத்திருந்தார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், ஊரில் சொல்தா என்றால் தெரியும்.

கலையரசி மட்டையோடு வந்து நின்றாள்.

“எனக்கு அடியே படல. அவருகிட்ட சொல்லுங்க.”

கன்னியப்பன் நெளிந்தார். “அசோசியேசன் சொல்றதத்தான் நான் சொல்லணும்மா. அதுக்குத்தான் கூட்டிக்கினு வந்துருக்காங்க.”

“அப்ப நான் சொல்றத யாரு சொல்லுவாங்க?”

விஜயராகவன் சிரித்தார். “புள்ளைக்கு ஆர்வம், முசியே. வலியோடவே ஆடுறேன்னு அடம் புடிக்குதுன்னு சொல்லுங்க.”

கன்னியப்பன் அதைச் சொன்னார். நடுவர் அவளைப் பார்த்து இரக்கமாகத் தலையசைத்தார்.

பொய்யைக்கூட அவளால் தாங்க முடிந்தது. அந்த இரக்கத்தைத் தாங்க முடியவில்லை.

மட்டையைத் தரையில் வைத்துவிட்டுக் களத்துக்குள் போனாள். இடது காலைப் பின்னால் மடக்கினாள். வலது காலால் கெந்தத் தொடங்கினாள். பக்கக் கோட்டோடு வலை வரைக்கும், திரும்பி, பின்கோடு வரைக்கும், மறுபடியும். அரங்கில் முந்நூறு பேர் இருந்திருப்பார்கள். மேலே யாரோ விசிலடித்தார்கள்.

“பாருங்க, பாருங்க! கால கீழ வைக்கவே முடியல!” விஜயராகவன் கையை நீட்டிக் கத்தினார்.

அவர் காட்டியது இடது காலை.

நடுவர் ஏதோ கேட்டார். எந்தக் கால் என்றுதான். கன்னியப்பன் செயலாளரைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார். சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், “லா த்ருவாத்,” என்றார். வலது. அன்றைக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவர் வாயிலிருந்து வந்த பிரெஞ்சு அது ஒன்றுதான்.

நடுவர் எழுந்து களத்தின் ஓரத்துக்கு வந்து, அவள் வலது காலைப் பார்த்தார்.

(கதவருகே புது ஜெர்சியில் நிர்மலாதேவி. சீட்டைப் பற்றி அவளுக்குத் தெரியுமா? இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் அவள் ஆடத் தயாராகத்தான் நிற்கிறாள்.)

8

மூன்று முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் நடுவர் சீட்டைக் கிழித்துப் போடுகிறார். அப்படி நடந்திருந்தால் செய்தித்தாளில் அந்த வரி வந்திருக்காது. இன்னொன்றில் முந்நூறு பேரும் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். தட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறார்கள், திங்கட்கிழமை ரயிலில் வேறொருத்தி ஏறுகிறாள். மூன்றாவதில், ‘காயம் காரணமாக...’ அதற்கு என் கையால் இன்னொரு பிரதி எதற்கு?

இப்படி நான் முடிவுகளைப் புரட்டிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் அவள் அங்கே கெந்திக்கொண்டே இருக்கிறாள். மூன்று கேம் ஆடி முடித்த கால். தரையில் வியர்வை சொட்டியிருக்கிறது. நான் எழுதும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அவள் ஒரு முறை எம்பியாக வேண்டும். ஒரு தடவை வழுக்கினால் போதும், சீட்டு உண்மையாகிவிடும். அதை உண்மையாக்கியது விஜயராகவனாக இருக்காது. நானாக இருப்பேன்.

ஆகவே என் பங்கு இதோடு சரி. நடுவர் வாயைத் திறந்துவிட்டார். அவர் சொல்வதை நீங்கள் எழுதுங்கள். எதுவானாலும் ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அவள் இன்னும் இடது காலை ஊன்றவில்லை.