இருபது வயதுக்கு மேல் ஒருவருமில்லை

1

இருந்தவர்கள்: ராமக்காள், உள்ளறை வாசலை அடைத்துக்கொண்டு. அவள் இளைய மகள் தமிழ்ச்செல்வி, தையல் மிஷின் முன்னால்; வெள்ளிக்கிழமை அவளுக்கு நிச்சயதார்த்தம். கணக்கெடுக்க வந்த தமிழ்வாணி, நாற்காலி நுனியில். நான் அங்கே இல்லை. தமிழ்வாணி சொன்னதிலிருந்துதான் இந்தக் கதை.

முதுகுத்தண்டு சரியாக மூடாமல் பிறந்தவர்கள் எல்லா வயதிலும் எத்தனை பேர் என்று மதிப்பிடுவது அவள் வேலை. எழுமலை தொடங்கி ஊர் ஊராக அலைந்ததில் குழந்தைகள் கிடைத்தார்கள். இருபது வயதுக்கு மேல் ஒருவருமில்லை. படிவத்தின் அந்த வெற்றுக் கட்டங்கள் அவளைப் பயமுறுத்தின. செத்தார்களா? ஒளித்து வைத்திருக்கிறார்களா?

2

(முதலில் எழுதியது: ‘சோழவந்தான் கொடிக்கால்களில் வெற்றிலை பச்சைப்பசேலென்று’ – போதும். பயந்தவள் கண்ணில் வெற்றிலை படாது.)

“வீட்ல வேற யாரும் இருக்காங்களாம்மா?”

“நாங்க மூணு பேருதேன். அவரு வயலுக்குப் போயிருக்காரு.”

“பெறகு நான் யாராம், பூனையா?” என்றது உள்ளறைக் குரல்.

மிஷின் நின்றது.

“மூத்தவ நான், தாமரைச்செல்வி. முப்பத்திநாலு வயசு. காலு வராது, வாய் நல்லா வரும். எழுதிக்கங்க.”

ராமக்காள் தமிழ்வாணியின் கையைப் பிடித்தாள். “எழுதாத தாயி. மாப்ள வீட்டுக்குத் தெரிஞ்சா, சின்னவ வயித்துலயும் இப்பிடித்தேன் பொறக்கும்பாக. கல்யாணம் நின்டுரும்.”

“எழுதலைன்னா, இந்தச் சீக்குல பெரியாளே இல்லைன்னு முடிச்சிருவாக. பெறகு எனக்கு எவன் வைத்தியம் பாப்பான்?”

3

இந்தக் கதையின் முதல் பிரதியில் தமிழ்வாணி துணிச்சலாக எழுதினாள். அவளை நான் நம்பவில்லை. இரண்டாவதில் தாளைக் கிழித்து – அதுவும் பொய்.

நடந்தது இது. பெயரை விட்டுவிட்டு, ‘பெண், 34’ என்று மட்டும் ஊர்ப்பெயருக்கு நேரே குறித்தாள். பெயர் இல்லாவிட்டால் ஆள் தெரியாது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். பஸ் ஏறிய பிறகுதான் உறைத்தது: அந்த வயதில் நடக்க முடியாத பெண் அந்தச் சின்ன ஊரில் ஒருத்திதான். பெயர் எதற்கு?

“அழிக்கவா அண்ணே, அனுப்பவா?” என்று என்னிடம் வந்து கேட்டாள்.

அழித்தால் தங்கைக்குக் கல்யாணம். அக்கா பிறக்கவே இல்லை. அனுப்பினால்

(முடிக்க வரவில்லை.)

4

நானும் பெயர்களை மாற்றினேன். ஊரை மாற்றினேன். வயதையும் கொஞ்சம். தாமரைச்செல்வியின் பேச்சை மட்டும் மாற்ற மனம் வரவில்லை. அப்படிப் பேசுகிறவள் அங்கே வேறு யாருமில்லை.

நீங்கள் அந்தப் பக்கம் பெண் பார்த்து வைத்திருப்பவராக இருக்கலாம். படித்ததும் என்ன செய்வீர்களோ, அதுதான் முடிவு. என்னிடம் வேறு இல்லை.

இந்தக் கதையைப் பத்திரிகைக்கு அனுப்ப விளாங்குடி தபாலாபீஸில் நிற்கிறேன். தபால் பையைக் கட்டப்போகிறார்களாம்.

“என்னண்ணே, கவரை ஒட்டவா வேணாமா?” என்கிறார் கவுண்டரில் இருப்பவர்.

பசை தடவிக் கொடுக்கிறேன்.