இடது இடுப்பு

"அப்பாவ இந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ச்சுப் பிடி," என்றாள் நெல்டா.

எர்வின் தோளையும் தொடையையும் பிடித்து மெல்லச் சாய்த்தான். விடிகாலை ஐந்தரைக்கு அடங்கிய உடம்பு. எட்டு மணிக்குள் இப்படிக் கனத்துப்போகும் என்று அவன் நினைத்திருக்கவில்லை. அக்கா வெந்நீரில் துணியைப் பிழிந்து முதுகைத் துடைத்தாள். வலது இடுப்பெலும்பின் மேல் ஊசி போன புள்ளி இருந்தது. பன்னிரண்டு நாளாகியும் சுற்றிலும் கன்றிய நிறம் போகவில்லை. அந்த இடத்தில் மட்டும் துணியை ஒற்றி எடுத்தாள்.

அன்று ஊசி போட்டபோது அவளும் உள்ளே இருந்தாள். டாக்டர் அர்செனியோ அவள் மகளின் ஞானத்தகப்பன்; ஞானஸ்நானத்தில் குழந்தையை ஏந்தியவர். அதனால்தான் உள்ளே விட்டார்கள். அப்பா ஒருக்களித்துப் படுத்து அவள் கையைப் பிடித்திருந்தார். எலும்புக்குள்ளிருந்து மஜ்ஜையை உறிஞ்சிய நொடியில் அவள் விரல்கள் நொறுங்கிவிடும் போலிருந்தது. ஆனால் அவர் வாயிலிருந்து வந்தது கேலிதான்.

"படகு எஞ்சின்ல ஆயில் எடுத்துப் பாக்கிறாப்லதான் இருக்கு, டாக்டர். கறுத்துப்போச்சா?"

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். அதன்பிறகு பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அப்பா சொன்னது ஒன்றுதான். "என் பேத்தியோட ஞானத்தகப்பன்தான் எனக்கு வைத்தியம் பாக்குறாரு. எனக்கென்ன கொறச்சல்?"

அப்பாவுக்கு வெள்ளைச் சட்டையை மாட்டி முடித்ததும் எர்வின் மணியைப் பார்த்தான். "அக்கா, தண்ணி வத்துறதுக்குள்ள படகு கெளம்பணும். பதினொண்ணுக்கு மேல போனா நம்ம தீவுப் பக்கம் கரையில ஏத்த முடியாது. நீ போய்ச் சீட்டு வாங்கிட்டு வந்துரு."

ஆஸ்பத்திரிக் கணக்கு முடிந்து வெளியேற்றச் சீட்டு கைக்கு வந்தால்தான் உடல் வெளியே போகும். நெல்டா கீழே இறங்கினாள். பதினோரு வருஷமாகக் கண்ணாடிக்கு உள்பக்கம் அவள் உட்கார்ந்திருந்த கவுண்டர் அது. இன்று வெளியில் நின்றாள். உள்ளே இருந்த ஜோசி எழுந்து, கண்ணாடி ஓட்டை வழியாகக் கையை நீட்டி அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாம் ரெடியா வச்சிருக்கேன், அக்கா. காப்பீடு போக உங்களுக்கு ரொம்பக் கொஞ்சம்தான் வருது. கடைசிப் பக்கத்துல ஒரு கையெழுத்துப் போடுங்க, போதும்."

பழக்கம் விடவில்லை. நெல்டா வரிவரியாகப் படித்தாள். எலும்பு மஜ்ஜை உறிஞ்சல், எலும்புத் துணுக்கு எடுத்தல், வலது இடுப்பு. தேதி சரி. அதற்குக் கீழே அதே வரி இன்னொரு முறை இருந்தது. இடது இடுப்பு, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. இணைத்திருந்த டாக்டர் குறிப்பில், 'நோயாளி சிகிச்சையை நன்கு தாங்கிக்கொண்டார்' என்று இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவள் அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாவது கரண்டிக்கு மேல் இறங்கவில்லை. மதியம்வரை அந்த அறைக்கு யாருமே வரவில்லை. இடது இடுப்பைச் சற்றுமுன்தான் துடைத்திருந்தாள். அங்கே ஒரு கீறல்கூட இல்லை.

தாளை எடுத்துக்கொண்டு மேலே போனாள். டாக்டர் அர்செனியோ தன் அறையில் அவளைக் கண்டதும் நாற்காலியை விட்டு எழுந்து வந்து தோளை அணைத்துக்கொண்டார். "நல்ல மனுஷன்மா. சாயங்காலம் பூசை வைக்கச் சொல்லியிருக்கேன்."

அவள் தாளை நீட்டினாள். "இது எப்ப செஞ்சீங்க, டாக்டர்?"

அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். முகம் மாறவில்லை. "இதுவா? இது காப்பீட்டுக்காரன் தலையில போற காசு. உன் பையிலேர்ந்து ஒத்தப் பைசா போகாது."

"அன்னிக்கு நீங்க ரூமுக்கே வரலயே."

"நெல்டா, உங்கப்பாகிட்ட நான் ஃபீஸ் வாங்கல. அத எங்கயாவது நேர் பண்ணணுமா இல்லயா? உனக்காகத்தான் செஞ்சேன்."

"அப்பா உங்கள நம்புனாரு."

"இப்பவும் என்ன கொற வச்சுட்டேன்?" குரலைத் தாழ்த்தினார். "இந்த மாதிரிச் சீட்டு எத்தன அனுப்பியிருப்பேன், பதினோரு வருஷத்துல? நீதானே டைப் அடிச்ச? ஒரு நாளாவது மேல வந்து கேட்டியா?"

அவர் எழுத்தில் வந்த சீட்டுகளை எந்தக் கேள்வியும் இல்லாமல் கணக்கில் ஏற்றியிருந்தாள். ஞானத்தகப்பனின் கையெழுத்தைச் சந்தேகப்பட அவளுக்குத் தோன்றியதே இல்லை. எத்தனை இடது இடுப்புகள், எத்தனை வலது இடுப்புகள்! அந்தப் பெயர்களில் ஒன்றுகூட இப்போது ஞாபகம் வரவில்லை.

கவுண்டருக்குத் திரும்பி வந்து பேனாவைக் கேட்டாள். அந்த வரியின் மேல் ஒரு கோடு இழுத்தாள். பக்கத்தில் 'இது நடக்கவில்லை' என்று எழுதித் தன் முழுப்பெயரையும் போட்டாள்.

ஜோசியின் முகம் வெளுத்தது. "அக்கா, என்ன பண்ணிட்டீங்க! மேனேஜர் ஒத்துக்கலைன்னா ஒடம்ப விடமாட்டாங்க. வேலைக்கு இங்கதானே திரும்பி வரணும்?"

"கொண்டுபோய்க் காட்டு."

எர்வின் படியிறங்கி ஓடிவந்தான். "படகுக்காரன் கத்துறான். என்னதான் பிரச்சன? அப்பாவ இங்கயே போட்டு வச்சிக்கிட்டு நீ கணக்குப் பாக்குறியா?"

"ஒரே ஒரு வரிடா. நில்லு."

நாள் முழுக்க நிற்கவேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தாள். பத்து நிமிடத்தில் வெளியேற்றச் சீட்டோடு புதுத்தாள் வந்துவிட்டது. இடது இடுப்பு அதில் இல்லை. யாரும் எதையும் கேட்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. கோடு போட்ட தாள் மட்டும் திரும்பி வரவில்லை. இவ்வளவு சுலபமாக எடுக்க முடிகிற வரியா என்று அவள் அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எர்வின் சீட்டைப் பிடுங்கிக்கொண்டு மேலே ஓடினான்.

சாயங்காலம் தீவு வீட்டின் முன்னறையில் வெள்ளைப் பெட்டியைச் சுற்றி ஊரே கூடியிருந்தது. வாசலில் இரவு விழித்திருப்பவர்கள் சீட்டு விளையாட மேசை போட்டிருந்தார்கள். காப்பியும் பிஸ்கட்டும் சுற்றிவந்தன. ஜெபமாலை தொடங்கும் நேரத்தில் கடைசிப் படகில் ஒரு மலர்வளையம் வந்தது. ஆள் உயரம், முழுக்க வெள்ளை லில்லி. ஊதா நாடாவில் பொன்னெழுத்தில் டாக்டர் அர்செனியோவின் பெயர்.

அம்மா அழுகையை நிறுத்திவிட்டு அதைத் தொட்டுப் பார்த்தாள். "பாத்தியா, நெல்டா? எவ்ளோ பெரிய மனுஷன். நம்மள மறக்கல. உங்கப்பா இருந்திருந்தா பூரிச்சுப் போயிருப்பாரு. தலமாட்டுலயே வையி, எல்லாரும் பாக்கட்டும்."

படகில் எல்லாவற்றையும் கேட்டிருந்த எர்வின் அக்காவைப் பார்த்தான். நெல்டா வளையத்தைத் தூக்கித் தலைமாட்டில் நிறுத்தினாள். நாடாவின் முனை மெழுகுவர்த்தியை ஒட்டித் தொங்கியது. தீப்பிடித்துவிடாமல் மெழுகுவர்த்தியை ஒரு சாண் தள்ளி வைத்தாள்.