மிளகாய் அரைத்த கை

ஆனைமலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தலைவரின் வெள்ளைக் காரைப் பார்த்துவிட்டேன். மாசாணியம்மன் கோயிலுக்குப் போகும் வழியில் நின்றிருந்தது. நாங்கள் வருவது இவருக்கு எப்படித் தெரிந்தது? திரும்பி மாமியாரைப் பார்த்தேன். சுப்பாத்தாள் சேலைத் தலைப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டார்.

"டீக்கடையில ஒரு வார்த்தைதான் சொன்னேன் கண்ணு."

பாலுசாமி எங்கள் ஊராட்சித் தலைவர். காங்கேயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணெய் மில்லும் அவருடையதுதான். சின்னக் குழந்தையைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிடுவார். அந்த மில்லில்தான் என் வீட்டுக்காரர் ராசப்பன் மிஷின் பெல்ட்டில் துண்டு சிக்கிச் செத்துப்போனார். பெல்ட்டுக்கு மூடி கிடையாது. மூடி போடச் சொல்லி அவரும் பலமுறை கேட்டுப்பார்த்தார். போலீஸ் வந்து விசாரித்தபோது தலைவர் தலையைக் குனிந்துகொண்டு, "குடிச்சுப்போட்டு வந்துட்டாப்லைங்க, நான் கவனிக்காம உட்டுட்டனுங்க" என்றார். எல்லாத் தப்பும் தன்மேல்தான் என்பது போல! ரிப்போர்ட்டிலும் அப்படியே எழுதிவிட்டார்கள்.

அட பாவி, பழனிக்கு மாலை போட்டு விரதம் இருந்த மனுஷனய்யா என் வீட்டுக்காரர். பெல்ட்டில் சிக்கியதே விரதத்துக்குக் கட்டிய பச்சைத் துண்டுதான். மில்லில் அத்தனை பேரும் பார்த்தார்கள். ஒருத்தராவது வாயைத் திறக்க வேண்டுமே! மறுநாள் எல்லோருக்கும் அங்கேதான் வேலை.

எனக்கு வேறொன்றும் வேண்டாம். ராசப்பன் குடிக்கவில்லை என்று அந்த வாய் ஒரே ஒருமுறை சொன்னால் போதும். மனுஷர்களிடம் கேட்டுப் பார்த்தாகிவிட்டது. அதனால்தான் அம்மனிடம் வந்தேன். அநியாயம் நடந்தவர்கள் இங்கே மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசுவார்கள். செய்தவன் எரிவான். நியாயம் கிடைத்த பிறகு மறுபடி வந்து, எண்ணெய்க் காப்புச் செய்து கல்லைக் குளிர்விக்க வேண்டும்.

அரைக்கும் கல்லில் மிளகாயை வைத்தபோது தலைவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏனுங்க அம்மணி, பஸ்ஸுலயா வந்தீங்க? சொல்லியிருந்தா காரை அனுப்பியிருப்பனுங்க."

"உங்க பேரைச் சொல்லித்தானுங்க அரைக்கப் போறேன்" என்றேன்.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவரோ சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"நானும் அரைக்கறனுங்க. மாலை போட்ட பையனுக்கு ஊத்திக் குடுத்தவன் எவனோ, அவனை ஆத்தா கேக்கட்டும்."

எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். கூட வந்திருந்த மில் ஆட்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் அரைத்துப் பூசினேன். அவரும் நிதானமாக அரைத்தார். முகம் சுளிக்கவே இல்லை. அம்மன் முன்னால் உட்கார்ந்து இப்படிப் பேச ஒரு மனுஷனுக்கு நாக்கு கூசாதா? கூசவில்லை. இரண்டு கையாலும் அள்ளிப் பூசிவிட்டு, வியர்வையைத் துடைக்கப்போய் மிளகாய்க் கையைக் கண்ணில் வைத்துவிட்டார். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"பாவம், பெத்த பையனுக்கு அழுவற மாதிரி அழுவறாருங்க" என்றாள் வரிசையில் நின்ற ஒருத்தி.

என் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. அவள் என்னையும் ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். ராசப்பனைப் பெற்ற சுப்பாத்தாள், முந்தானையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு போய் அவர் கண்ணைத் துடைத்துவிட்டார்.

"உடுங்க தலைவரே, அழுவாதீங்க."

பஸ்ஸிலேயே போய்விடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். மாமியாருக்குக் கால் வீக்கம். அவர் போய்த் தலைவர் காரில் ஏறிவிட்டார், நானும் ஏறினேன். பொள்ளாச்சி தாண்டியதும் மாமியார் என் காதோரம் சாய்ந்தார்.

"ஏங் கண்ணு, மாலை போட்டிருந்தாலும்... எவனாச்சும் கட்டாயப்படுத்தி ஊத்திக் குடுத்திருப்பானோ?"

பெற்றவளே இப்படிக் கேட்டால் நான் இனி யாரிடம் போய்ச் சொல்வது?

"கை எரியுதுங்களா அம்மணி?" முன்சீட்டிலிருந்து தலைவர் ஒரு பாட்டிலை நீட்டினார். "நம்ம மில்லு எண்ணெய்தானுங்க. போடுங்க, சரியாப்போயிரும்."

மாமியார் வாங்கினார். என் கையை மடியில் இழுத்துவைத்து, விரல் விரலாக நீவித் தடவினார். வேண்டாம் என்று நான் வாயெடுப்பதற்குள் உள்ளங்கை குளிர்ந்துவிட்டது.