தடுப்புக் கட்டை இல்லாத மேசை

ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர் வீட்டுச் சாப்பாட்டு மேசை, செய்து போட்ட மூன்றாவது வருடம், ஒரு வியாழக்கிழமை, பின்சுவரைத் துளைத்துக்கொண்டு அடுத்த தெருவுக்கு வந்தது. தெருக்காரர்கள் சைக்கிள்களைத் தள்ளி நிறுத்தியதோடு சரி. மேசைக்கு வரைபடம் போட்டவர் அவர்தான். ஏழு தாள், ஏழிலும் ‘அங்கீகரிக்கப்பட்டது’ என்று அவரே எழுதி அவரே கையெழுத்திட்டிருந்தார். மூடியிருந்தால் ஆறு பேர், இழுத்தால் இருபத்துநான்கு பேர். சட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்று சறுக்கி நீளும். நீளம் முடிகிற இடத்தில் ஒரு தடுப்புக் கட்டை அடிக்க வேண்டும் என்றார் தச்சர்.

“என் மேசைக்கு எல்லை போட நீ யாருய்யா?”

“அப்ப சாப்பிட்டதும் மூடியாவது வைங்க சார். இல்லைன்னா அது பாட்டுக்குப் போயிட்டே இருக்கும்.”

“மூடி வச்சா, இந்த வீட்டுக்கு வர நாதியில்லைன்னு ஆயிடாதா?”

வர நாதியில்லைதான். வாசலில் தவம் கிடந்த ஒப்பந்தக்காரர்கள் அவர் ஓய்வுபெற்ற மறுநாளே வேறு வாசல் பார்த்துக்கொண்டார்கள். மகனும் மகளும் வருகிறோம் வருகிறோம் என்று போனில் சொன்னார்கள். ஒருவர் வராமல் போகும் ஒவ்வொரு முறையும் மேசை ஒரு முழம் நீண்டது. ஒரு முனையில் குடும்பத் தலைவர், மறுமுனையில் மனைவி என்பது மூன்றாம் தாளின் ஏற்பாடு. ஆகவே அந்த அம்மாள் முதலில் தெருவிலும், பிறகு சந்தையிலும், ஆறாம் வருடம் ரயில் நிலையத்துக்கு அப்பாலும் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

“பக்கத்துல வந்து உக்காருங்களேன். ரெண்டு பேருக்கு எதுக்கு இவ்வளவு தூரம்?” என்று முதலில் கத்தினாள்; பிறகு ஆள் விட்டுச் சொன்னாள்; பிறகு கடிதம் போட்டாள். இரண்டு தடவை அவளே எழுந்து வந்தாள். மூன்றாம் தாளை விரித்துக் காட்டித் திருப்பி அனுப்பினார். கடிதங்களுக்கு மட்டும் தவறாமல் பதில் போனது: ‘பரிசீலனையில் உள்ளது.’

ஒன்பதாம் வருடம் கடிதம் நின்றது. இரண்டு மாதம் கழித்துத் தபால்காரர் வந்தார். “அம்மா போயிட்டாங்க சார். பக்கத்துல இன்னொரு தட்டு வச்சிருந்தாங்களாம்.”

அன்றைக்கே அவர் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மறுமுனைக்கு நடக்கத் தொடங்கினார். அவர் நடக்க நடக்க மேசையும் நீள்வதாக அளந்து பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அதன்மேல் துணி தேய்ப்பவர்களிடம் அவ்வப்போது நின்று, இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்கிறார்.

“நேராப் போங்க பெரியவரே” என்று சொல்லிவிட்டு அவர்கள் அடுத்த சட்டையை எடுக்கிறார்கள்.