அரை மூணு

டச்சு நாட்டில், எங்கள் தேவெந்தர் ஊரில் ஆற்றோரமாக நிற்கும் சின்ன தேவாலயத்துக்குச் சாவிக்காரி, கூட்டுகிறவள், காப்பி போடுகிறவள் எல்லாம் நான்தான். பெயர் வீட்ஸ்கே, வயது அறுபத்துமூன்று. எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும், சொல்லிவிட்டுப் போகட்டும். அந்த வாயால்தான் ஒரு பிள்ளையின் வாழ்க்கை போயிற்று என்பதை மட்டும் யாரும் என் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. அதனால் நானே சொல்கிறேன்.

கோரெத்தும் அவள் மகள் கேசாவும் அக்டோபரில் எங்களிடம் அடைக்கலம் வந்தார்கள். கோரெத் புருண்டி நாட்டுக்காரி. இங்கே தங்க அனுமதி கேட்டுப் பதினோரு வருஷம் மனுமேல் மனு போட்டும், கடைசி மனுவும் தள்ளுபடி. கேசா இங்கேயே பிறந்தவள். ஒன்பது வயது, பேச்செல்லாம் எங்கள் ஊர்ப் பேச்சு, புருண்டியைப் படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. எங்கள் நாட்டுச் சட்டத்தில் ஒரு வரி உண்டு: வழிபாடு நடந்துகொண்டிருக்கும்போது அதிகாரிகள் உள்ளே நுழையக் கூடாது. போதகர் ஹார்மன் அந்த வரியைப் பிடித்துக்கொண்டார். "அப்போ நிறுத்தாமலே நடத்துவோம்" என்றார்.

நடத்த ஆள் வேண்டாமா? எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமைக்கே இருபது தலை தேறாது. அப்போதுதான் நாலு மத மேசை கைகொடுத்தது. மாதம் ஒருமுறை எங்கள் பின்னறையில் கூடுகிற கூட்டம் அது. எங்கள் போதகர், துருக்கிப் பள்ளிவாசல் இமாம் நெஜ்தெத், சுரினாம் இந்துக்களின் பண்டிதர் பிஸேசர், பௌத்தத் தியானக் குழுவை நடத்தும் மோரீன். இந்த மோரீன் இங்கிலாந்துக்காரி, இங்கே வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. காப்பியைக் குடித்து, ஆளுக்கு ஒரு பிஸ்கட் தின்று (ஒன்றுதான், உடனே டப்பாவை மூடிவிடுவேன்), எல்லா மதமும் ஒன்றைத்தான் சொல்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். கேட்கக் கேட்க எனக்குக் கொட்டாவி வரும். ஆனால் கோரெத்தின் கதையைச் சொன்னதும் ஒருவரும் யோசிக்கவில்லை.

"வந்தவங்கள வெளிய தள்ளுன்னு எந்த வேதத்துல இருக்கு? எங்களுக்கும் மணி ஒதுக்கும்மா" என்றார் இமாம். அந்த மனிதரை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

நாற்பது நாள் நடந்தது. ஜெபம் முடியும் முன்னே ஓதல், ஓதல் முடியும் முன்னே ஆர்மோனியம், அதற்குப் பிறகு மோரீனின் தியான மணி. ஒரே விதிதான்: அடுத்தவர் வாயைத் திறக்காமல் இவர் வாயை மூடக் கூடாது. எதிரே மரத்தடியில் சாம்பல் நிறக் கார் ஒன்று நாற்பது நாளும் நின்றது. உள்ளே இரண்டு அதிகாரிகள். எங்கள் சத்தம் கொஞ்சம் தணிந்தால் போதும், கார்க் கண்ணாடி இறங்கும். யாருக்கு எந்த மணி என்று எழுதி, கூப்பிட்டுச் சொல்வது என் வேலை.

நாற்பதாம் நாள் மோரீனுக்கு ஃபோன் போட்டேன். மறுநாள் அவள் முறை இரண்டரைக்கு. இரண்டரையை எங்கள் பாஷையில் "அரை மூணு" என்போம், மூன்றை எட்டப் பாதி வழி என்று கணக்கு. அவளுக்கு எங்கள் பாஷை தடுமாறுமே என்று பெரிய மனுஷியாக அதை அப்படியே இங்கிலீஷில் திருப்பிப் போட்டேன். "ஹாஃப் த்ரீ, மோரீன். மறந்துடாதே."

பக்கத்தில் ரொட்டி தின்றுகொண்டிருந்த கேசா நிமிர்ந்தாள்.

"அத்தை, தப்பு. இங்கிலீஷ்ல ஹாஃப் த்ரீன்னா மூணரை. எங்க டீச்சர் சொல்லிக் குடுத்தாங்க."

"ஆமாடியம்மா, நீ எனக்கு இங்கிலீஷ் கத்துக்குடு. நீ பொறக்கறதுக்கு முன்னாடியே லண்டன் பார்த்தவ நான்."

"லண்டன்ல பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் காத்துக் கெடந்தேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"வாயைப் பாரு! ரொட்டியைத் தின்னுடி."

சிரித்துக்கொண்டே தின்றாள். அந்த பஸ் அன்றைக்கு ஏன் ஒரு மணி நேரம் கழித்து வந்தது என்று இப்போது தெரிகிறது. காலம் கடந்த புத்தி.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. ஞாயிறன்று பத்திரிகைக்காரர்கள் வருவதாக இருந்தது. வாசலில் தொங்கவிட ஒரு பெரிய துணி, அதில் எல்லா மதத்துக்கும் பொதுவான வாசகம், தைப்பது நான். பின்னறையில் போதகரும் இமாமும் என் தலைமேல் நின்றுகொண்டு சண்டை போட்டார்கள்.

"உனக்கு என்ன வேணுமோ அதை அடுத்தவனுக்குச் செய். 'செய்'ங்கறதுதான் மேல வரணும்" என்றார் போதகர்.

"செய்யறதுக்கு முன்னாடி மனசு வேணாமா ஐயா? உனக்கு விரும்புறதை அடுத்தவனுக்கும் விரும்பு. 'விரும்பு'தான் முதல்ல" என்றார் இமாம்.

"மேல ஒரு வரிக்குத்தான் இடம் இருக்கு! ரெண்டு பேரும் சீட்டுக் குலுக்கிப் போடுங்க!" என்று நானும் கத்தினேன்.

அப்போது பண்டிதர் பிஸேசர் கையில் மணியை ஆட்டியபடியே, நாமம் முணுமுணுத்தபடியே கதவில் தலையை நீட்டினார். "நான் கிளம்பணும்மா. மூணு மணிக்குத் தகனம், பொணத்தை வச்சிட்டுக் காத்திருக்காங்க. மோரீனைக் காணோமே?"

"வாசல்ல செருப்பைக் கழட்டிட்டிருப்பா. ஒரு நிமிஷம் தவறினவ இல்ல அவ. நீங்க போங்க" என்றேன். ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அவர் ஒரு கணம் நின்றார். துணியைப் பார்த்தார். "'உனக்கு வேணாததை அடுத்தவனுக்குச் செய்யாதே'ன்னு எங்களுது இருக்கே, அதை மேல போடுங்க. அதுதான் பழசு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவ்வளவுதான், போதகருக்கும் இமாமுக்கும் புதுத் தெம்பு வந்துவிட்டது. இரண்டு சுவர் தாண்டி வழிபாட்டுக் கூடம் காலியாகக் கிடந்தது. மேல்மாடியில் கோரெத் இராத்திரி முழுக்க ஜெபித்த களைப்பில் தூங்கிக்கொண்டிருந்தாள், பக்கத்தில் கேசா கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் சத்தத்தில் கூடத்தின் மௌனம் எங்களுக்குக் கேட்கவே இல்லை. மரத்தடிக் காரில் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்கிறது.

கதவருகே மிதியடியில் யாரோ காலைத் துடைக்கும் சத்தம். நெட்டையாக ஓர் அதிகாரி, பின்னால் ஒரு பெண் அதிகாரி. "மன்னிக்கணும். வழிபாடு எதுவும் நடக்கலையே?" என்றார் அவர்.

போதகரின் கையிலிருந்த கோப்பை விழுந்தது. அவர் கண்ணை மூடிப் பரமபிதாவைக் கூப்பிடத் தொடங்கினார். இமாம் கையேந்தி உரக்க ஓதினார். தாலாட்டுகூடப் பாடத் தெரியாத நான் ஊசியைப் பிடித்தபடி ஞானப்பாட்டைக் கத்தினேன். நாற்பது நாளில் நாங்கள் ஒன்றாகச் சேர்ந்து வேண்டியது அந்த ஒரு முறைதான். அந்த அதிகாரி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, எங்களுக்கு மூச்சு வாங்கும்வரை பொறுமையாக நின்றார்.

"ஐயா, நாங்க உள்ள வந்தப்புறம்தான் ஆரம்பிச்சீங்க. ரெண்டு அம்பதுன்னு குறிச்சிருக்கேன்."

பிறகு மேசைமேல் கிடந்த துணியை வாசித்தார். "நல்ல வாசகம். எங்கம்மாவும் இதைத்தான் சொல்லுவாங்க."

கிண்டல் செய்திருந்தால் கன்னத்தில் ஒன்று வைத்திருப்பேன். கிண்டல் இல்லை. மனுஷன் உண்மையாகத்தான் சொன்னார்.

"அப்போ, உங்க பிள்ளைக்கு இப்படி நடந்தா?" என்று கேட்டேன்.

"தாங்க மாட்டேம்மா" என்றார். "மாடிப்படி எந்தப் பக்கம்?"

கோரெத் அழவில்லை. பை நாற்பது நாளாகக் கட்டியபடிதான் இருந்தது. வெள்ளிக்கிழமை விமானம் என்றார்கள். வக்கீல் எங்கெங்கோ ஓடியும் பயனில்லை, வெள்ளிக்கிழமையே ஏற்றிவிட்டார்கள்.

கீழே இறங்கியதும் கேசாவின் கோட்டு ஜிப் சிக்கிக்கொண்டது. நான் முழங்காலிட்டு இழுத்தேன். அவள் என் தலைக்கு மேலே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு, ரகசியம் போல, என் காதோடு சொன்னாள்.

"அத்தை, மோரீன் மூணரைக்கு வருவாங்க. அவங்களைத் திட்டாதீங்க. அவங்க மேல தப்பு இல்ல."

என் மேல் தப்பு என்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் அந்தப் பிள்ளை.

மூன்று இருபத்தைந்துக்கு மோரீன் வந்தாள். காற்றில் சைக்கிள் மிதித்து முகமெல்லாம் சிவந்திருந்தது. "அஞ்சு நிமிஷம் முன்னாடியே வந்துட்டேன், பாரு!" என்றாள் தன் உடைந்த டச்சில். செருப்பைக் கழற்றிவிட்டு, காலியான கூடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். மணியடித்தாள்.

போதகர் என்னைப் பார்த்தார், நான் இமாமைப் பார்த்தேன். அவளிடம் ஒருவரும் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் அவள் கண் மூடி உட்கார்ந்திருந்தாள், நாங்களும் பின்னால் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். எதிரே மரத்தடியில் கார் இல்லை.