ஏழாம் எண் சட்டை

துருத்தி என்று அவனுக்குப் பெயர் வைத்தது யார் என்று அந்தத் தீயணைப்பு நிலையத்தில் ஒருவருக்கும் நினைவில்லை. ஆனால் பெயருக்கு ஏற்ற ஆள்தான். மற்றவர்கள் நாலாவது மாடியில் முட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, தண்ணீர்க் குழாயைத் தோளில் போட்டபடி இவன் ஆறாவது மாடியில் வாயடித்துக்கொண்டிருப்பான். வருஷத்துக்கு ஒரு தடவை அரசாங்கத்தின் நலக் கண்காணிப்புக் குழு ஒரு வேனை அனுப்பும். வேனுக்குள் ஒரு முக்காலி, ஒரு மேசை, ஊதிப் பார்க்கிற மெஷின். நெஞ்சு முட்ட இழுத்து அட்டைக் குழலில் ஊதினால், நூற்றுக்கு இத்தனை என்று மெஷின் சொல்லும். துருத்திக்குத் தொண்ணூற்று நாலுக்குக் கீழே வந்ததே இல்லை.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. அறுபதுக்குக் கீழே போனவன் 'பணிக்குத் தகுதியற்றவர்'. அன்றைக்கே சீருடையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். வீடு என்பதும் பேச்சுக்குத்தான். நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற குடியிருப்பைத் தொண்ணூறு நாளில் காலி செய்து சாவியை ஒப்படைக்க வேண்டும். வீரர்களின் நலத்துக்காகவே போட்ட விதி இது. புகையைக் குடித்துக் குடித்து நெஞ்சு கெட்டவனை மறுபடியும் புகைக்குள் அனுப்பக் கூடாது என்கிற நல்ல எண்ணம். அவ்வளவு நல்ல எண்ணம் இருந்தவர், அவனை வேறு எங்கே அனுப்புவது என்று எழுத மறந்துவிட்டார்.

ஆகவே நிலையத்தார் தாங்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வேனில் வரும் பழைய டெக்னீஷியன் முகம் பார்க்கிற ஆள் இல்லை. சட்டையில் தைத்திருக்கும் எண்ணைப் பார்ப்பார், எழுதுவார், "ஊது" என்பார். துருத்தி தன் நாலாம் எண் சட்டையில் ஒரு தடவை போய் ஊதிவிட்டு வருவான். வேனுக்கும் மதில் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்து நிற்கிற அளவுக்குச் சந்து இருக்கும். அங்கே சட்டையை மாற்றிக்கொண்டு பத்தாம் எண்ணாக ஒரு தடவை, இரண்டாம் எண்ணாக ஒரு தடவை, ஏழாம் எண்ணாக ஒரு தடவை போவான். மூன்று வருஷம் இப்படியே ஓடியது. பத்தாம் எண் கைதட்டலோடு ஓய்வு பெற்றுப் போய்விட்டார். இரண்டாம் எண் மாற்றல் வாங்கிக்கொண்டு பட்டறைப் பக்கம் போய்விட்டார். மிச்சம் இருந்தவர் ஏழாம் எண் மட்டும்தான். அவர் துருத்தியின் அக்கா வீட்டுக்காரர்.

முதல் வருஷம் அக்காதான் அவனைத் துணி காயப்போடுகிற கொடிக்குப் பின்னால் கூப்பிட்டுப் பேசினாள். "உங்க மச்சானுக்கு இதை விட்டா வேற தொழில் தெரியாதுடா. பொண்ணுங்க ரெண்டும் படிக்குது. எங்கேடா போவோம்? உனக்கு என்ன, ஒரு ஊது. என் தலைமேல கை வெச்சு சொல்லு." அவன் கை வைத்துச் சொன்னான். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, காய்ந்த துணியை அவன் கையிலேயே மடிக்கக் கொடுத்தாள்.

இந்த வருஷம் வேனுக்கு முன்னால் ஒரு கடிதம் வந்தது. நிலைய அதிகாரி டீ நேரத்தில் எல்லாரையும் நிற்க வைத்துப் படித்தார். மூன்று வருஷமாக ஒரே ஒரு வீரர்கூடத் தேறாமல் போகாத ஒரே நிலையம் இதுதானாம். வீரர்களின் நெஞ்சுநலம் மெச்சத்தக்கதாம். 'மாதிரி நிலையம்' என்று கேடயம் கொடுக்கக் கண்காணிப்புக் குழுவின் டாக்டரே நேரில் வருகிறாராம். பையன்கள் விசில் அடித்தார்கள். அதிகாரி பக்கத்தைத் திருப்பினார், குரல் இறங்கிவிட்டது. இந்த நிலையத்துக்கு ஒதுக்கியிருந்த எட்டு புது மாஸ்க்குகள், வீரர்களின் நெஞ்சு அதிகம் பாதிக்கப்பட்ட வேறொரு நிலையத்துக்கு மாற்றப்படுகின்றன.

விசில் நின்றது. பதினோரு பேருக்கு அங்கே இருந்தது மூன்று மாஸ்க். தீப்பிடித்தால் மூன்று பேர் உள்ளே போகலாம், எட்டுப் பேர் வாசலில் நின்று தண்ணீர் அடிக்கலாம். அந்த மூன்றிலும் ஒன்றுக்குத் தாடைப் பக்கத்து ரப்பர் வெடித்து, பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தது. ஒட்டுப்போட்ட அந்த மாஸ்க்கை மச்சான்தான் வழக்கமாக எடுத்துக்கொள்வார். "எனக்கு மூஞ்சி அகலம், நல்லா உக்காரும்" என்பார். துருத்தி கையில் இருந்த டீயைக் கீழே ஊற்றினான். ஊரில் எவனோ செய்த அநியாயம் என்றால் திட்டித் தீர்க்கலாம். இது அவன் நெஞ்சு நிறைய ஊதி ஊதி வரவழைத்தது.

கடிதம் வந்த பத்தாம் நாள் ஒரு பெயிண்ட் குடோன் பற்றிக்கொண்டது. உள்ளே காவலாளி மாட்டியிருந்தார். மச்சான்தான் போய் இழுத்து வந்தார். காவலாளியை வாசலில் போட்டுவிட்டு, உள்ளே தவறவிட்ட குழாயை எடுக்கிறேன் என்று திரும்பப் போனவர் வரவில்லை. துருத்தி போய்ப் பார்த்தபோது டப்பாக்களுக்கு நடுவில் மண்டியிட்டுக் கிடந்தார். பிளாஸ்திரி உருகித் தொங்கிக்கொண்டிருந்தது. தோளில் போட்டுத் தூக்கி வந்து கிடத்தியதும் மச்சான் கண்ணைத் திறந்து சொன்ன முதல் வார்த்தை, "அக்காகிட்ட சொல்லிடாதே" என்பதுதான். துருத்தி அதற்கும் தலையாட்டினான். தலையாட்டித் தலையாட்டியே தான் ஒரு பொட்டிக்குள் போய் உட்கார்ந்துவிட்டதாகவும், மூடியையும் தானே சாத்திக்கொண்டதாகவும் அன்றைக்குத்தான் அவனுக்கு உறைத்தது.

வேன் ஒரு வெயில் காலையில் வந்தது. பழைய டெக்னீஷியனைக் காணோம். முக்காலிக்கு எதிரே டாக்டரம்மாவே உட்கார்ந்திருந்தார். கேடயம் ஒரு மூலையில் பிளாஸ்டிக் உறையோடு சாய்ந்திருந்தது. துருத்தி உள்ளே ஏறியதும் அவர் எழுந்து கதவை இழுத்துச் சாத்தினார். சட்டை எண்ணைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தார்.

"ஊதுங்க."

ஊதினான். தொண்ணூற்று ஐந்து. மெஷின் ஒரு தாளைத் துப்பியது. அதில் ஒரு கோடு ஏறி, வளைந்து, இறங்கி, முடியும் இடத்தில் சின்னதாக ஒரு கொக்கி போட்டிருந்தது. ஊதி முடித்த பிறகும் அடிவயிற்றிலிருந்து ஒரு கடைசித் தள்ளு தள்ளுவது துருத்தியின் பழக்கம். டாக்டரம்மா கோப்பிலிருந்து நாலு பழைய தாள்களை எடுத்து அதன் பக்கத்தில் வரிசையாக வைத்தார்.

"இது உங்களோடது. இது ரெண்டு, இது ஏழு, இது பத்து. கேடயம் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துடலாமேன்னு நேத்துதான் எடுத்தேன். நாலு பேருக்கும் கடைசியில ஒரே கொக்கி."

துருத்தி தாள்களை உற்றுப் பார்த்தான். "எல்லாரும் ஒரே தண்ணியைக் குடிக்கிறோம் மேடம்" என்றான். அவர் சிரிக்கவில்லை.

"இந்தத் தாளுக்கெல்லாம் கீழே யார் கையெழுத்து, பார்த்தீங்களா? என்னோடது. ஆபீஸ்ல கட்டுக்கட்டா வரும். பார்க்காமதான் போட்டேன். மூணு வருஷமா." தன் கையெழுத்தின் மேல் விரலை வைத்து மறைத்துக்கொண்டார். "வெளிய வந்தா என்னையும் கேப்பாங்க. அதனால ஒண்ணு சொல்றேன். அடுத்தது ஏழாம் நம்பர். அந்தச் சட்டையில நீங்களே வந்தா, அதே கொக்கியைக் காட்டி, மெஷின் கெட்டுப்போச்சு, பழசு எல்லாம் செல்லாதுன்னு எழுதிடறேன். யாருக்கும் ஒரு சேதாரமும் இல்ல."

"மாஸ்க்?"

"புது மெஷின் வாங்கி, எல்லாரையும் திருப்பி ஊதச் சொல்லி... ரெண்டு வருஷம் ஆகும்."

"ஏழாம் நம்பரே வந்தா?"

"தாள்ல என்ன வருதோ அதை எழுதுவேன். மாஸ்க் இன்னும் அங்க போகல, இன்னிக்கே நிறுத்தி இங்க திருப்பிடலாம். ஆனா அவர் இன்னிக்கோட வீட்டுக்கு. அவருக்கு மூணு வருஷமா யார் ஊதினாங்கன்னும் எழுதணும். ஆள்மாறாட்டம். உங்க வேலை நிக்காது." கதவைத் திறந்துவிட்டார். "நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. எனக்கு அந்தத் தைரியம் இல்ல."

சந்தில் மச்சான் சட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பனியனோடு தயாராக நின்றிருந்தார். சுவர் ஒரு பக்கம் சுட்டது, வேனின் தகரம் மறு பக்கம் சுட்டது. துருத்தி நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான்.

மச்சான் முகம் மலர்ந்துவிட்டது. "அப்புறம் என்ன மாப்ள! பழியைத் தூக்கி மெஷின் மேல போட்டாச்சு. அதுக்கென்ன, பொண்டாட்டி புள்ளையா அழப்போகுது? இந்தா, மாட்டு."

"மாஸ்க் வராது மச்சான்."

"இத்தனை நாள் வந்துச்சா? பிளாஸ்திரி மாத்திக்கலாம். மாட்டுடா, அந்தம்மா மனசு மாறிடப்போகுது."

துருத்தி சட்டையை வாங்கி ஒரு கையை நுழைத்தான். அக்கா துவைத்து இஸ்திரி போட்ட சட்டை. காலரின் உள்பக்கம், வாயைத் துடைக்கத் தோதாக இருக்கிற இடத்தில், எத்தனை துவைத்தும் போகாத கரி நிறத்தில் ஒரு திட்டு இருந்தது. தேய்த்துத் தேய்த்து அந்த இடத்தில் துணியே இளைத்துவிட்டிருந்தது. அவன் நிமிர்ந்து மச்சானைப் பார்த்தான். மச்சான் வேனில் ஒரு கையை ஊன்றி நின்று, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கழுத்துக்குழி உள்ளே போய்ப் போய் வந்தது. ஏணி ஏறவில்லை, குழாய் இழுக்கவில்லை. ஒரு சட்டையைக் கழற்றியதற்கு அந்தப் பாடு.

துருத்தி நுழைத்த கையை உருவிக்கொண்டான்.

"கையைத் தூக்குங்க மச்சான்."

"என்னடா?"

"தூக்குங்கன்னா."

பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு மாட்டுவதுபோல் ஒரு கை, மறு கை என்று அவருக்கே சட்டையை மாட்டி, கீழிருந்து பொத்தான் போட ஆரம்பித்தான். மச்சான் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடியில் பலமே இல்லை.

"உன் வேலையும் போயிடும்டா, மடையா."

"தெரியும்."

"உங்க அக்கா தலைமேல கை வெச்சிருக்கே. இனிமே உன்னை வாசப்படி மிதிக்க விடமாட்டா."

"தெரியும் மச்சான். குடோன்ல உங்களைத் தூக்கிட்டு வந்தேன். அடுத்த தடவை நான் வர்றதுக்குள்ள முடிஞ்சிருந்தா? எனக்குப் பயமா இருக்கு. நிஜமாவே பயமா இருக்கு."

மச்சான் அவன் மணிக்கட்டை விட்டார். கோபம் வந்த மாதிரி இருந்தது, அழுகை வந்த மாதிரியும் இருந்தது. கடைசியில் காலர் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டார். "இருபத்திரண்டு வருஷம்டா" என்று மட்டும் சொன்னார். வேனுக்கு மூன்று படிகள். படிக்கு ஒரு தடவை நின்று ஏறினார். கதவு இழுத்துச் சாத்திக்கொண்டது.

துருத்தி சந்திலேயே நின்றான். போவதென்றால் வேனின் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். அதற்குக் கால் வரவில்லை. தகரத்துக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மாவின் குரல் கேட்டது. "நல்லா இழுங்க... இப்ப ஊதுங்க. ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும்..." துருத்தியின் நெஞ்சு தானாக விரிந்தது. கன்னம் உப்ப, கழுத்து நரம்பு புடைக்க, எதிரே இருந்த சுவரைப் பார்த்து அவனும் ஊதினான். முழுவதும் ஊதினான். எல்லாம் தீர்ந்த பிறகும் அடிவயிற்றிலிருந்து அந்தக் கடைசித் தள்ளையும் தள்ளினான். சுவர் மேல் இருந்த தூசி கொஞ்சம் பறந்தது. உள்ளே மச்சான் இருமத் தொடங்கினார். இருமல் நிற்க நேரமாயிற்று.

"முப்பத்தெட்டு" என்றார் டாக்டரம்மா. பேனா எழுதுகிற சத்தம்கூடக் கேட்கிற மாதிரி இருந்தது.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. அக்கா. ஒவ்வொரு வருஷமும் இந்த நேரத்துக்குச் சரியாகக் கூப்பிடுவாள்.

"என்னடா, ஊதிட்டியா?"

"இல்லக்கா." பொய் சொல்ல ஒரு நொடி வாய் வந்தது, அதையும் விழுங்கினான். "மச்சானே போய் ஊதினார்."

 மறுமுனையில் குழாயில் தண்ணீர் கொட்டுவது கேட்டது. திட்டுவாள், சாபம் விடுவாள், போனை வைத்துவிடுவாள் என்று ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டு அவன் காதிலேயே வைத்திருந்தான். அக்கா குழாயை மூடினாள்.

"எவ்வளவு வந்துச்சு?"

"முப்பத்தெட்டு."

"முப்பத்தெட்டா இருக்கு?" அக்காவின் குரல் உடைந்தது. "தெனமும் பக்கத்துல படுத்துக் கேட்டுக்கிட்டே இருக்கேன்டா. அவ்வளவுகூட இருக்காதுன்னு நெனச்சேன்."